ஆறவைத்த படிவம்

படிவம் நிரப்புவதற்குக் கறுப்புப் பேனாதான் நல்லது. நீலம் ஸ்கான் பண்ணும்போது வெளிறிப்போகும். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லி நீங்கள் மேசையில் வைத்திருப்பது நீலம். குறையாகச் சொல்லவில்லை, ஒஃபிசர். கண்ணில் பட்டது, சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டீர்கள். என் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தமிழிலேயே சொல்கிறேன். அந்தப் பிள்ளை இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறது. அதற்கும் இன்றைக்குச் சம்பளம் வரட்டும்.

என் பெயர் யோகராணி தில்லையம்பலம். வயது அறுபத்தொன்று. கனடாவுக்கு வந்து, மல்வேர்னில் முப்பது வருடமாக ஒரே டவுன்ஹவுஸில் இருக்கிறேன். செத்துப்போன நிரூபாவுக்கு நான் சொந்தமில்லை. அவளைச் சுட்ட அவளுடைய புருஷன் ஜெனோசனுக்கும் சொந்தமில்லை. அவனுக்குத் துவக்கு வாங்குகிற லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்பதுதான் உங்கள் கேள்வி. அது எனக்குத் தெரியும். முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள்.

படிவம் நிரப்பிக் கொடுப்பதால் மல்வேர்னில் என்னை 'ஃபோம் அன்ரி' என்பார்கள். அகதி விண்ணப்பம், குடியுரிமை, பிள்ளைகளுக்கான உதவிப்பணம், கிழடுகளின் பென்ஷன், செத்தவர்களின் இன்சூரன்ஸ் எல்லாம் என் சாப்பாட்டு மேசையைத் தாண்டித்தான் அரசாங்கத்திடம் போகும். காசு வாங்குவதில்லை. சிலர் மட்டன் ரோல்ஸ் கொண்டுவருவார்கள், சிலர் மாம்பழப் பெட்டி. பக்கத்து வீட்டு றோஸ்மேரி வருடா வருடம் தானே செய்த கிறிஸ்மஸ் கேக் தருவாள். அதைக் கதவு சாத்தாமல் இருக்க முண்டு கொடுக்கிறோம்.

முப்பது வருடத்தில் என் கையால் போன ஒரு படிவமும் திரும்பி வந்ததில்லை. எந்த டொக்டராவது தன் நோயாளிகளைப் பற்றி இப்படிச் சொல்லட்டும் பார்ப்போம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய படிவத்தில் உள்ள விபரம்தான் புதிய படிவத்திலும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், தொலைபேசி எண் என்ற இடத்தில் என் வீட்டு எண்ணைப் போட வேண்டும். எங்கள் சனம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காது. தப்பித்தவறி எடுத்தால் எல்லாவற்றுக்கும் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டிவிட்டு, பிறகு ஆர் எடுத்தது என்று என்னைக் கேட்கும். ஆகவே அரசாங்கம் என் எண்ணுக்குப் போன் எடுக்கும், நான் பதில் சொல்வேன். யாருடைய பெயரைக் கேட்கிறார்களோ அவராகவே பதில் சொல்வேன். நான் றோஸ்மேரியாக இருந்திருக்கிறேன், நாற்பது ஐம்பது பிள்ளைத்தாய்ச்சிகளாக இருந்திருக்கிறேன். ஒருமுறை எனக்குத் தடிமன் பிடித்துக் குரல் கட்டியிருந்தபோது றோஸ்மேரியின் புருஷன் அமிர்தநாதராகவும் இருந்தேன். அவருடைய பென்ஷன் மூன்று கிழமையில் வந்தது.

ஜெனோசன் யூன் மாதம் வந்தான். முப்பத்தாறு வயது, விமான நிலையப் பக்கம் குளிர்களஞ்சியத்தில் வேலை. வேலைத்தலத்து வெள்ளைக்காரர் நவம்பரில் மான் சுடப் போவார்களாம்.

"அன்ரி, இந்த வருசம் நானும் மானுக்குப் போறன்."

"நீ கோழியையே கடையில பதினாறு துண்டா வெட்டுவிச்சுத்தானேடா வாங்கிறனீ," என்றேன்.

"உவனைக் கண்டா மான் சிரிச்சே செத்துப்போகும்," என்றார் என் மனுசன், ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜெனோசன் அதற்கும் சிரித்தான். பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் கையில் இருந்தது. அதற்கு முன்னரே இலை தழை அச்சடித்த ஜக்கெட் வாங்கிப் போட்டுக்கொண்டு படமும் எடுத்து பேஸ்புக்கில் விட்டிருந்தான். காட்டுக்குள் ஒளிந்து நிற்பதுபோல ஒரு பார்வை, பின்னால் சேலைக் கடை.

அந்தப் படிவத்தில் ஒரு பகுதி மனைவிக்கானது. கடந்த இரண்டு வருடத்துக்குள் கூட வாழ்ந்தவர் யார், அவருடைய எண் என்ன என்று கேட்டு, அவர் கையெழுத்து வைக்கவும் இடம் விட்டிருப்பார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் அலுவலகம் அவரைத் தேடிச் சொல்லும். நல்ல ஏற்பாடு. ஆனால் நிரூபா மே மாதமே வீட்டைவிட்டு இறங்கி, பிக்கரிங்கில் தன் அக்கா ரதியுடன் போய் இருந்துவிட்டாள்.

"அவளின்ர கையெழுத்தை நீங்களே ஒண்டு போட்டுவிடுங்கோ அன்ரி. ஆர் பாக்கப்போறான்?"

"விசர்க்கதை கதையாத. கள்ளக் கையெழுத்து குற்றமடா."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒஃபிசர். நான் போடவில்லை. சட்டத்துக்கு மாறாக ஒரு கோடும் இழுக்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டேன். எண்ணுக்கு மட்டும் என் எண்ணைப் போட்டேன். நான்கு வருடத்துக்கு முன் நிரூபாவை இலங்கையிலிருந்து கூப்பிட்ட ஸ்பொன்சர் படிவத்திலும் அவளுக்கு என் எண்தான். அவள் கனடாவுக்கு வந்ததே என் கையெழுத்து அழகால் என்று வையுங்களேன்.

துவக்கு லைசென்ஸ் முதல் தடவை எடுக்கிறவர் இருபத்தெட்டு நாளாவது காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இருபத்தெட்டு நாள் போனது. பிறகு இன்னொரு இருபத்தெட்டு. சனிக்கிழமை தவறாமல் ஜெனோசன் வந்து என் மேசையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, போனைத் திறந்து காட்டுவான். 'புறோசசிங்' என்றுதான் இருக்கும். அவன் அந்தச் சொல்லை முறைத்துப் பார்ப்பான். நான் அவனைப் பார்ப்பேன்.

ஆவணி நடுவில் ஒருநாள் சொன்னான்: "அன்ரி, நீங்கள் எங்கையாவது பிழையா நிரப்பிப்போட்டீங்களோ? நவரட்ணம் அங்கிளிட்டக் குடுத்திருந்தா இப்ப கையில வந்திருக்கும் எண்டு பெடியள் சொல்லுறாங்கள்."

நவரட்ணம் அஜின்கோர்ட்டில் இருக்கிறார். ஐபாட்டில் விரலால் தட்டிப் படிவம் நிரப்புகிறவர். ஒரு பெண்ணின் பிறந்த திகதியில் அவளுடைய கலியாணத் திகதியைப் போட்டு அனுப்பியவர். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. நான் நெத்தலி கிள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குரல், மரியாதையான குரல், நிரூபாவா என்று கேட்டது. ஓம் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்தத் தொலைபேசியில் வேறு விதமாகப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உங்கள் கணவர் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தது தெரியுமா, ஆட்சேபணை உண்டா என்று கேட்டா. தெரியும், இல்லை, மனுசன் மானுக்குத்தான் போகப்போறார் என்றேன். பிறந்த திகதி கேட்டா, சொன்னேன். என்னிடம் எல்லாருடைய பிறந்த திகதியும் இருக்கிறது. மூன்று நிமிடத்தில் முடிந்தது. கை கழுவிவிட்டு நெத்தலிக்குத் திரும்பினேன்.

புரட்டாதியில் நிரூபா வந்தாள். ரதி காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். 'அன்ரி செய்தாப் பிசகாது' என்று ரதிதான் அனுப்பியிருக்கிறாள். ஜெனோசன் தன்னை நெருங்கக்கூடாது என்று கோர்ட்டிடம் கேட்கிற படிவம் அவளுக்கு வேண்டும். இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன்.

"தை மாசம் வெறும் சேட்டோட பல்கனியில விட்டுப் பூட்டினவர், அன்ரி. பதினோராம் மாடி."

"எவ்வளவு நேரம் பிள்ளை? இதில நேரம் போடவேணும்."

"தெரியாது. கால் விறைச்சுப்போச்சு."

நாற்பது நிமிடம் என்று போட்டேன். எண் இருந்தால் படிவத்துக்குப் பலம்.

"போன கிழமை ரதியக்கான்ர போனுக்கு எடுத்தவர். லைசென்ஸ் வரட்டும், முதல் மான் நீதான் எண்டு சொன்னவர்."

அதை அப்படியே ஆங்கிலமாக்கி மேற்கோள் குறிக்குள் போட்டேன். அந்தப் பந்தி நன்றாக வந்திருந்தது.

அவள் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அவருக்கு லைசென்ஸ் குடுப்பினமோ அன்ரி? மனிசியைக் கேக்காமல் குடுக்கமாட்டினம் எண்டு ரதியக்கா சொல்லுறா. என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே."

"கேப்பினம் பிள்ளை, கேப்பினம்," என்றேன்.

அது பொய்யில்லை. பிறகு இன்னொரு முறையும் கேட்டார்கள்.

அவள் போனதும் அந்தப் படிவத்தைக் குசினியில் கரண்டி போடுகிற இழுப்பு லாச்சிக்குள் வைத்தேன். நீங்கள் அங்கேதான் கண்டெடுத்தீர்கள். ஒளித்து வைத்ததாகச் சொல்கிறீர்கள். இல்லை, ஆறவைத்தேன். புருஷன் பெண்சாதி சண்டைப் படிவங்களை நான் உடனே அனுப்புவதில்லை. முப்பது வருட அனுபவம் இது. கோபத்தில் எழுதுவிப்பார்கள், அடுத்த கிழமை இரண்டு பேரும் ஒரே காரில் கோயிலுக்கு வந்து இறங்குவார்கள். அரசாங்கம் துவக்கு வாங்குகிறவனை இருபத்தெட்டு நாள் காத்திருக்க வைக்கிறது. நான் பெண்சாதிமாரைக் காத்திருக்க வைக்கிறேன். யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லை.

ஒரு சின்னக் காரணம் வேறும் இருந்தது, மறைக்க மாட்டேன். நிரூபாவின் படிவம் கோர்ட்டுக்குப் போனால் ஜெனோசனுடைய விண்ணப்பம் அந்த இடத்திலேயே விழும். ஒரு மேசையில் எழுதிய இரண்டு படிவங்களில் ஒன்று மற்றதைக் கடித்துத் தின்னும். எது முதலில் வந்ததோ அது முதலில் போகட்டும் என்று நினைத்தேன். வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

நிரூபா இரண்டு மூன்று தடவை போன் எடுத்தாள்.

"அன்ரி, கோர்ட்டில இருந்து ஒண்டும் வரேல்லையே?"

"இன்னும் புறோசசிங் பிள்ளை. கவர்மென்ட் வேலை தெரியும்தானே."

"நேர போய்க் கேக்கட்டோ?"

"நேர போனா ஃபைலைத் தூக்கிக் கீழ போட்டுடுவாங்கள். பேசாமல் இரு."

அவள் பேசாமல் இருந்தாள். சொல்வழி கேட்கிற பிள்ளை.

ஐப்பசி கடைசியில் ஜெனோசனுக்குக் கார்ட் வந்தது. அதை நெற்றியில் ஒட்டாத குறையாக வைத்துக்கொண்டு, ஒரு பெட்டி ரோல்ஸுடன் வந்து நின்றான். "அன்ரி, நீங்கள்தான் கெட்டிக்காரி. நவரட்ணமாவது மண்ணாங்கட்டியாவது," என்றான். என் மனுசன் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். எனக்கு மட்டன் ஒத்துவராது, ஆனாலும் ஒன்று எடுத்தேன். அன்றைக்கு எனக்கு மனம் நிறைவாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இனி நிரூபாவின் படிவத்தை அனுப்பலாம் என்றும் நினைத்தேன். திங்கட்கிழமை தபால் முத்திரை வாங்க மறந்துபோனேன். பிறகு பனி கொட்டியது.

மான் சுடப் போகிறவர்கள் வடக்கே போவார்கள். அவன் கிழக்கே, பிக்கரிங்குக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு, ரதி வேலையில் இருந்த நேரம். நிரூபா கதவைத் திறந்தாள். மிச்சத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், உங்களிடம் படங்களும் இருக்கின்றன. செத்த வீட்டுக்கு நான் போனேன். ரதி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "கோர்ட் சுணக்கிப்போட்டுது அன்ரி, சுணக்கிப்போட்டுது," என்றாள். அரசாங்கத்தைத் திட்டி என்ன பயன் என்று அவளை ஆறுதல்படுத்தினேன். மரண அறிவித்தலையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

இனி அந்த இரண்டாவது அழைப்பு. லைசென்ஸ் அலுவலகத்துப் பெண் எழுதி வைத்த குறிப்பை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். திகதி சரி. நிரூபா என் மேசையில் இருந்து அழுதுவிட்டுப் போய்ப் பதினாறு நாளுக்குப் பிறகு. லைசென்ஸ் விண்ணப்பத்தில் ஜெனோசனுக்குச் சாட்சி சொன்ன வேலைத்தலத்துக்காரன் ஒருவன், 'இப்ப மனிசி கூட இல்லைப்போல' என்று வாய் தடுமாறிச் சொல்லிவிட்டானாம். அதனால்தான் அந்தப் பிள்ளை திரும்ப எடுத்தா. கெட்டிக்காரப் பிள்ளை. நல்ல மனம். எனக்கு அவவில் ஒரு கோபமும் இல்லை.

தனியாக இருக்கிறீர்களா, மனம் விட்டுப் பேசலாமா என்று கேட்டா. தனியாகத்தான் என்றேன். என் மனுசன் சோபாவில் இருந்தார், ஆனால் அவரைக் கணக்கெடுக்கத் தேவையில்லை. பிரிந்து இருக்கிறீர்களா என்று கேட்டா. அக்காவுக்குச் சுகமில்லை, துணைக்கு வந்து நிற்கிறேன் என்றேன். அவர் உங்களை எப்போதாவது அடித்ததோ பூட்டி வைத்ததோ உண்டா. இல்லை. மிரட்டியதுண்டா. இல்லை. நான் சொல்லச் சொல்ல அவ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. ஒரே சீராக, பிழை விட்டு அழிக்காமல் தட்டினா. கேட்க நன்றாக இருந்தது.

கடைசியில் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டா. இது படிவத்தில் இல்லாத கேள்வி, நானே கேட்கிறேன், அவருடைய கையில் துவக்கு இருந்தால் உங்களுக்குப் பயமாக இருக்காதா என்றா. நான் கொஞ்சம் யோசித்தேன். இல்லை என்றேன்.

மற்றதெல்லாம் நிரூபாவாக நின்று நான் சொன்ன பொய், ஒத்துக்கொள்கிறேன், அப்படியே எழுதுங்கள். ஆனால் இதைப் பொய் என்று எழுதாதீர்கள், ஒஃபிசர். எனக்கு ஒரு துளியும் பயம் இருக்கவில்லை.