கம்மாய்க்கு அங்கிட்டுப் போன கொட்டகை

ராமநாதபுரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் மாமன் மச்சான் முறைக்காரர்கள் இருவர்.

“லண்டன்காரன் செஞ்சதத்தான் நாங்களும் செஞ்சோம், மச்சான்.”

“என்னத்த மாப்ள செஞ்சீக?”

“எங்கூரு நாடகக் கொட்டகை இருந்தது பெரியப்பா நெலத்துல. ‘எடம் என்னோடது, காலி பண்ணுங்கடா’ன்னு மல்லுக்கு நின்னாரு. அந்தக் காலத்துல லண்டன்லயும் இதே சண்டையாம். எடம் ஒருத்தனுது, கொட்டகை இன்னொருத்தனுது. கொட்டகைக்காரன் மரத்தையெல்லாம் பிரிச்சு, ஆத்துக்கு அக்கரையில கொண்டுபோயிக் கட்டிட்டான்னு இங்கிலீஷ் டீச்சர் சொன்னாக. நாங்களும் தகரம், கம்பு பூராத்தையும் பிரிச்சு, கம்மாய்க்கு அங்கிட்டுக் கட்டிட்டோம்.”

“பெரியப்பா சும்மாவா இருக்காரு?”

“இன்னைக்குப் புதுக் கொட்டகையில நாடகம். விடியவுமே ஆள் அனுப்பிட்டாரு.”

“சண்டைக்கா?”

“பாயக் குடுத்துவிட்டிருக்காரு மச்சான். ‘முன்னால எனக்கு ஒரு எடம் போட்டு வைங்கடா’ங்குறாரு!”