ஒரே சக்கரத்துக்கு ஒரு லோரி சீட்

"நெசமாவே ஒரு சக்கர சைக்கிள்தான் அண்ணே. இன்னொரு சக்கரம் காணாமப் போகல."

காலை ஃபெரியில், முன்வரிசைப் பெண் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடக்கினேன். பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் சட்டை போட்டிருந்தாள். பக்கத்திலிருந்தவர் ஜுருவில் லோரி சீட் தைக்கிறவர் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் மடியில் விரிசல் விட்ட சின்ன சைக்கிள் சீட்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உக்காருவ?"

"அஞ்சு நிமிசம். அதுக்குள்ள விழுந்துருவேன். சீட்டு போய்த் தரையில அடிக்கும்."

"அடியில இரும்புத் தகடு வச்சிர்றேன். மேல லோரிக்குப் போடற கெட்டி ஸ்பாஞ்சு. மெத்துனு போட்டா அமுங்கிப் போயி வலிக்கும் லா."

"கம்பெனி டின்னர்ல ஒரு தடவ ஓட்டிக் காட்டணும். அதுவரைக்கும் தாங்கினா போதும் அண்ணே."

"அப்படித் தைக்க எனக்குத் தெரியாது. நான் தைச்சா பத்து வருசம் வரும். டின்னர் முடிஞ்சதும் இறங்கிருவியா?"

ஃபெரி துறையில் மெல்ல இடித்து நின்றது. எழுந்தவள் சீட்டின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்போ இங்க ஒரு கைப்பிடியும் வச்சிருங்க. மேட்டுல ஏறுறப்போ வேணும்."