கழற்றிய மீட்டர்

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? விளக்கு எரியட்டும்... கிட்டே வந்து உட்காருங்கள். இது நடந்தது மத்தியானம் இரண்டு மணிக்கு, மண்டையைப் பிளக்கும் வெயிலில். புறவழிச்சாலையில் ஈ காக்கை இல்லை. அதன் ஓரத்தில் ஒற்றைக் கட்டடம். உள்ளே, குளுகுளு அறையில், கம்ப்யூட்டர் முன்னால் என் நண்பனுடைய அத்தான்.

ஊரிலுள்ள ஸ்மார்ட் மீட்டர்கள் எல்லாம் அவர் கையில். வெயில் காலத்தில் மின்சாரம் பற்றாமல் போனால் எந்த வீட்டுக்கு நிறுத்துவது என்று அவர்தான் முடிவு செய்வார். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு தட்டு... போயிற்று. ஆபீசில் அவருக்குப் பெயர் கத்திரி. நோயாளி இருக்கும் சில வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் கடைசியாக மிஞ்சிய இடத்தில் தன் வீட்டையே போட்டுக்கொண்டார் மனுஷன். நோயாளி யாரும் இல்லை. ஏசி ஓட வேண்டுமாம்.

ஒருநாள் ஒரு பெண் வந்து கெஞ்சினாள், புருஷன் மூச்சு மிஷினில் கிடக்கிறான் என்று. இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எல்லார் வீட்லயும் ஒரு மிஷின் இருக்கும்மா."

அவள் வீடு போய்ச் சேரும் முன்பே தட்டிவிட்டார். கரண்ட் போகும்போது மீட்டர் கடைசியாக ஒரு செய்தி அனுப்பும். பக்கத்து வீட்டு மீட்டர், அதற்கடுத்த வீட்டு மீட்டர் என்று கைமாறிக் கைமாறி அது ஆபீசுக்கு வரும். சரியாக இரண்டு மணிக்கு அந்த வீட்டுச் செய்தியும் வந்தது. புருஷன் செத்துப்போனான். அவள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக, அந்த மீட்டரைக் கழற்றிவந்து ஆபீஸ் அலமாரியில் போட்டார்கள்.

மறுநாள் அதே இரண்டு மணி. கழற்றிய மீட்டரிடமிருந்து செய்தி... கரண்ட் போய்விட்டது என்று. ஒயர்கூட இல்லாத மீட்டர்! அலமாரியைத் திறந்தார். ஆஸ்பத்திரி வாடை. மெல்ல... புஸ்... டக். புஸ்... டக்.

தினமும் அந்தச் செய்தி வந்தது. ஒவ்வொரு நாளும் வேறொரு வீட்டு மீட்டர் வழியாக, அவர் வீட்டை நோக்கி, வீடு வீடாக. ஒருநாள் அவர் வீட்டு மீட்டர் வழியாகவே வந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"கரண்ட் இருக்குங்க. பையன் தூங்குறான்... ஆனா மூச்சுதான் என்னமோ மிஷின் மாதிரி விடுறான். புஸ்ஸுன்னு... டக்குன்னு."

அன்று ராத்திரி வீட்டில் ஃபியூஸ் போனது. ஒரு நிமிஷத்துக்குள் பிள்ளை நீலம் பாரித்துவிட்டான். கரண்ட் வந்த பிறகுதான் மூச்சும் வந்தது. டாக்டர்கள் சோதித்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்றார்கள். இதற்குள் ஏசி தில்லுமுல்லு மேலிடத்துக்குத் தெரிந்து வேலை போனது, வீட்டின் விலக்கும் போனது. தன் நாற்காலிக்கு வந்த புது ஆளிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். எனக்கு அவர்மேல் இரக்கமே வரவில்லை. அந்தப் பிள்ளைதான் பாவம். புது ஆள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"எல்லார் வீட்லயும் ஒரு மிஷின் இருக்கு சார். உங்க வீட்ல அதுகூட இல்லையே."

அத்தான் கையைப் பிடிப்பதற்குள் அவன் தட்டிவிட்டான். திரையில் அத்தான் வீட்டு மீட்டரின் கடைசிச் செய்தி வந்தது. எந்த மீட்டர் வழியாக வந்தது என்று பார்த்தார். அலமாரியில் கிடந்ததேதான்.

அலமாரிக்குள் புஸ் என்றது... டக் கேட்கவே இல்லை.