ஒட்டுப் பிரியாத பெட்டி

நீங்கள் கொடுத்த பால்பாயிண்ட் பேனா நன்றாகவே எழுதுகிறது, செல்லன் ஐயா. பென்சில் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பீர்கள். நான்தான் கேட்கவில்லை. பென்சில் சீவிப் பதினோரு வருடம் ஆகிறது. வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம், மலாயில் நானே மாற்றிக்கொள்கிறேன் என்றீர்கள். அதற்கு நன்றி.

என் பெயர் காப்ரியல். ஜெராம் பக்கத்துத் தோட்டத்து மருத்துவமனையில் டிரெசர். காயத்துக்குக் கட்டுப் போடுவேன், ஊசி போடுவேன், டாக்டர் வராத நாட்களில் டாக்டர் வேலையும் பார்ப்பேன். இந்தத் தோட்டத்தில் என் கை பட்டுச் செத்தவர் எவருமில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் நினைவுப் பென்சில்கள் சேர்க்கிறேன். மகாராணி முடிசூட்டுக்கு வந்தது, மலேசியா உருவானபோது வந்தது, தோட்டக் கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்தது என்று முந்நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. தொழிலாளர் லயத்தில் என்னைப் 'பென்சில் டிரெசர்' என்று கேலி செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் மனைவி மவுரீன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லியே சிரிப்பாள். சிரிக்கட்டும். கையில் கிடைத்ததையெல்லாம் சீவித் தேய்த்துத் தூக்கி எறிகிற ஜனங்களுக்கு இது எங்கே புரியப்போகிறது.

இந்த வழிக்கு என்னைக் கொண்டுவந்தவர் கோலசிலாங்கூரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்த அபுபக்கர் பாய். அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்.

"பென்சில் யாருக்கு வேணும் டிரெசரே? அத ஊருபூரா வச்சிருக்கான். பெட்டியப் பாருங்க. பெட்டியில ஒட்டின காகிதம் பிரியாம இருக்கா, அதப் பாருங்க. பிரிச்சா போச்சுலா."

ஒட்டுப் பிரியாத பெட்டியை நாங்கள் திறப்பதில்லை. குலுக்கியும் பார்ப்பதில்லை, உள்ளே கரி உடைந்துவிடும். இருக்கிறது என்று நம்புவதுதான் மரியாதை.

சுதந்திரத்தின் முப்பதாம் ஆண்டு இது என்று கொடி கட்டிக்கொண்டிருக்கிறார்களே, அந்த முதல் வருடம் பள்ளிக்கூடங்களுக்கு வந்த பெட்டியைப் பத்து வருடமாகத் தேடினேன். மஞ்சள் அட்டை, மேலே கொடி, உள்ளே பன்னிரண்டு பென்சில், குறுக்கே வெள்ளைக் காகிதப் பட்டை. கடைசியில் அது என் மூக்குக்குக் கீழேயே இருந்தது. தோட்டப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சின்னையா சாரின் அலமாரியில், வேட்டிகளுக்கு நடுவே. பட்டை பிரியவில்லை.

சாருக்கு மூச்சிழுப்பு உண்டு. ஜெராம் சாலையோரத்தில் தனியாக இருந்தார். மகள் திலகத்தைக் கிள்ளானில் கட்டிக் கொடுத்திருந்தார். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் நான் போய்ப் பார்ப்பேன். இழுப்பு வந்தால் ஊசி போட்டுவிடுவேன், பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் போடுவார். அப்படி எட்டு முறை காப்பாற்றியிருக்கிறேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைக் கேட்டேன். விலை கேட்டேன், மாற்றுக்குக் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்.

"அதுல பென்சிலு இல்லப்பா காப்ரியலு. அந்த வருசமே புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன். எழுதித் தேஞ்ச துண்டுங்களத் திரும்ப வாங்கி உள்ள போட்டு, மாவுப் பசை காச்சி ஒட்டி வச்சிருக்கேன். ஒனக்கு அது ஆவாது."

நான் நம்பவில்லை. நீங்கள் என்றால் நம்பியிருப்பீர்கள். சேர்க்கிறவன் நம்பமாட்டான். நானே அபுபக்கர் பாயிடம் ஒரு நல்ல பென்சிலைச் சீவிவிட்டேன் என்று வாய் கூசாமல் பொய் சொல்லி ஒளித்து வைத்திருக்கிறேன். பிடித்த பொருளைக் கொடுக்க மனமில்லாதவன் சொல்லும் முதல் பொய் அதுதான். அவரைப் பெரிய மனிதர் என்று நினைத்திருந்தேன். அவரும் என்னைப் போலத்தான்.

ஆகஸ்டு மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணி. மறுபடியும் கேட்டேன். அவருக்கும் சலித்துப்போயிருக்க வேண்டும். அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். சவர பிளேடு ஒன்றையும் எடுத்துவந்தார்.

"ஒன் கண்ணாலயே பாத்துடு. அப்பவாச்சும் நிம்மதியா இருப்ப."

ஒரு பொய்யை நிரூபிக்க ஒரு மனிதன் அவ்வளவு தூரம் போவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடம் பிரியாத பட்டை. பிளேடு அதன் ஓரத்தில் இருந்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அடிக்கவில்லை, தள்ளவில்லை, பிடித்தேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை. அந்த இழுபறியில் அவருக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தரையில் சரிந்தார்.

என் மருந்துப் பை காலடியில்தான் இருந்தது. ஊசி அதில்தான் இருந்தது. அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையால் காட்டினார். ஊசி போட்டால் எழுந்துவிடுவார். எழுந்தால் மறுபடியும் பிளேடை எடுப்பார். வாத்தியார் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது.

நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு மூலையும் மழுங்கவில்லை. கொடியின் சிவப்பு லேசாக வெளுத்திருந்தது. சுமார் அரைமணி நேரம். அவர் ஒருமுறை என் பெயரைச் சொல்லப் பார்த்தார். அவர் மூச்சுச் சத்தம் நின்றதும் பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன், யார் கையிலும் பட்டுவிடக் கூடாது. வெளியே தூறல். பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்ட பிறகு பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன். நான் வந்தபோதே காலம் கடந்துவிட்டது என்று சொன்னேன். டிரெசர் சொன்னால் யார் கேள்வி கேட்பார்கள்.

கேட்டது திலகம். கருமாதி முடிந்து அப்பாவின் பெட்டியைத் தேடியது. மவுரீனிடம் விசாரித்தது. அந்த மகராசி என் அலமாரியைத் திறந்தே காட்டிவிட்டாள். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

இன்று காலை இதே மேசையில், என் கண்முன்னே, நீங்கள் அந்தப் பட்டையைக் கத்தியால் கிழித்தீர்கள். நான் கத்தவில்லை, நீங்களே பார்த்தீர்கள். பன்னிரண்டு துண்டுப் பென்சில்கள் கொட்டின. விரல் நீளம்கூட இல்லை. முனையெல்லாம் பிள்ளைகள் பல் பதித்தவை. "எங்கப்பா ஒட்டுனப்ப நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன்" என்று சொல்லித் திலகம் அழுதது. அப்போது அதற்கு ஐந்து வயது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

அவர் என் கண்முன்னே செத்தார், நான் காப்பாற்றவில்லை, வேண்டுமென்றேதான் காப்பாற்றவில்லை. இதன் கீழ் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் நீங்கள் கிழித்தது வேறு பெட்டி, ஐயா. என்னைப் போன்றவர்களை ஏமாற்ற அவர் செய்து வைத்த போலி. உண்மையானது அந்த வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறது. ஆள் அனுப்பித் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.