இருபத்திமூணாம் நம்பர் ஆஜர்

ராத்திரி ரெண்டே கால் மணி. கொள்ளிடக் கரை ரோடு. ஈ காக்கா கிடையாது. ஒரே ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றார்... பின் டயர்ல காத்து இல்லை. காக்கி டவுசர், முட்டி வரைக்கும் சாக்ஸ், கழுத்துல விசில், கையில டார்ச்.

அந்த ஆள் யாருன்னு சொல்லிட்டு ரோட்டுக்கு வர்றேன். மஜீதா, திரியைக் கொஞ்சம் இறக்குடி. கரண்ட் வர்ற வரைக்கும் மண்ணெண்ணெய் தாங்கணும். எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்க.

நம்மகூட வார்டுல நர்ஸா இருக்காளே ரோசரி, அவளோட மாமனார்தான் அவர். பேரு அற்புதசாமி. வீடு தென்னூர்ல. யுத்த காலத்துல பட்டாளத்துல இருந்தவர்... இருந்தவர்னா, ஜபல்பூர் ஸ்டோர்ல உட்கார்ந்து பூட்ஸ் எண்ணினவர். துப்பாக்கிச் சத்தத்தை அவர் கேட்டதெல்லாம் சினிமாக் கொட்டகையிலதான். ஆனா ஊருக்கு வந்து பதினஞ்சு வருஷமாகியும் காக்கியைக் கழட்டலை. ஆளைப் பார்த்தா அழகு, வேலையைப் பார்த்தா இழவு.

முன்னாள் பட்டாளத்துக்காரங்க குடும்பத்துக்குன்னு ஒரு சங்கம் இருந்துச்சு. இவர் அதுக்குச் செக்ரட்டரி. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தை ஒட்டி நாப்பத்தொரு வீடு... புருஷனைப் பறிகொடுத்தவ, கால் போனவன், கிழடு கட்டை. ஆத்துல வெள்ளம் வந்தா அவங்களை லாரியில ஏத்தி மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கறது சங்கத்தோட பொறுப்பு. நல்ல காரியந்தான். யார் கையில போய் மாட்டுச்சுங்கறதுலதான் இருக்கு வினையே.

வீட்டுக்கு வீடு தகரத்துல நம்பர் எழுதி நிலையில அடிச்சார். பேரு கிடையாது. பேரெல்லாம் சிவிலியனுக்காம். நம்பர் கூப்பிட்டா 'ஆஜர்'னு குரல் வரணும். குரல் வந்தா டிக். நாப்பத்தொரு டிக் விழுந்தா விசில். விசில் அடிச்சாத்தான் வண்டி நகரணும். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? அதனால முன்னாடியே தயாரா இருக்கணும்"னு கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார். மாசம் ஒரு தடவை ஒத்திகை வேற. பட்டப்பகல்ல, சொட்டு மழை இல்லாம, கிழவிங்களை லாரியில ஏத்தி இறக்கி... கொள்ளிடத்துல அப்போ மணல்தான் கிடக்கும்.

இருபத்திமூணாம் நம்பர், ரெங்கம்மாள். கரை திரும்பற முனையில தனி வீடு. லாரி நிக்கற இடத்துல இருந்து பார்த்தாத் தெரியாது. புருஷன் நல்லதம்பி நாப்பத்திரெண்டுல பர்மாக் காட்டுச் சண்டைக்குப் போனவன். அவன் வரலை, அவன் உடம்பும் வரலை, ஒரு காயிதம் வந்துச்சு. ரெண்டு எருமையை வெச்சு அவ பொழப்பு ஓடுச்சு. ஒத்திகைக்கு மட்டும் வரமாட்டா.

"வெள்ளம் வரும்போது கதவைத் தட்டுங்க சார், வர்றேன். வராத வெள்ளத்துக்கு நான் எங்க ஓடறது? பால் கறக்கற நேரங்க."

அற்புதசாமிக்கு இது பெரிய அவமானமாப் போச்சு. எதிர்த்துப் பேசிட்டாளாம்!

ஒரு தடவை ஒத்திகையைப் பார்க்க மெட்ராஸ்ல இருந்து யாரோ பெரிய மனுஷர் வந்திருந்தார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நம்பர் கூப்பிடறார். இருபத்தொண்ணு, ஆஜர். இருபத்திரெண்டு, ஆஜர். இருபத்திமூணு...

சத்தம் இல்லை.

பெரிய மனுஷர் தலையைத் தூக்கிப் பார்க்கறார். நம்ம ஆளு பின்னால நின்ன சங்கத்துப் பியூன் அடைக்கலத்தோட காலை மிதிச்சார். "ஆஜர் சொல்லுடா." அவனும் சொன்னான். டிக் விழுந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

அதோட அது பழக்கமாயிடுச்சு. அடுத்த ஒத்திகை, அதுக்கடுத்தது... இருபத்திமூணுன்னா ஒரு ஆம்பளைக் குரல் ஆஜர் சொல்லும், இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காம டிக் போடுவார். என்ன ஜென்மமோ!

அறுபத்தொண்ணுல நெஜமான வெள்ளம் வந்துச்சு. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். முக்கொம்பு அணையில இருந்து தண்ணி இறங்குதுன்னு சேதி வந்தப்போ ராத்திரி பத்து மணி. அப்படி ஒரு மழை. கரையில நின்னா காலுக்குக் கீழ மண்ணு கும்... கும்முனு அதிருது. வீடு வீடாக் கதவைத் தட்டி எழுப்பறது அடைக்கலத்தோட வேலை. நாப்பது வீட்டைத் தட்டிட்டு முனை வீட்டுக்குக் கிளம்பறான். செக்ரட்டரி நிறுத்திட்டார்.

"நீ ஆபீசுக்கு ஓடு. போட்டோவெல்லாம் சுவத்துல இருக்கு. தண்ணி புகுந்துட்டா என்ன ஆகறது? கழட்டி மாடிக்கு ஏத்து."

"இருபத்திமூணை இன்னும் தட்டலைங்கய்யா."

"லாரிச் சத்தம் கேட்டா தானா வருவா. நீ போடா."

என்ன போட்டோ தெரியுமா? இவர் மாலை போட்டுக்கிட்டு நிக்கற போட்டோ. மொத்தம் பதினொண்ணு.

அவன் போயிட்டான். லாரி நிறைஞ்சிடுச்சு. ரெண்டே கால் மணிக்கு இவர் அரிக்கேன் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நம்பர் கூப்பிட ஆரம்பிச்சார். மழையில குரல் குரலா வருது. ஆஜர்... ஆஜர்... இருபத்திரெண்டு, ஆஜர்.

"இருபத்திமூணு."

மழைச் சத்தம் மட்டும்.

"இருபத்திமூணு!"

லாரியோட பின்பக்கம், இருட்டுக்குள்ள இருந்து... தகரத்துல ரெண்டு பூட்ஸ் காலை ஒண்ணாச் சேர்த்து வைக்கிற சத்தம். டக். அப்புறம் ஒரு கரகரத்த ஆம்பளைக் குரல்.

"ஆஜர்."

நல்லாக் கவனிங்க. கூப்பிட்டது ஒரு பொம்பளையோட நம்பர். பதில் வந்தது ஆம்பளைக் குரல்ல. வழக்கமாக் குரல் கொடுக்கறவனை இவரேதான் போட்டோ தூக்க அனுப்பிச்சிருக்கார். கையில விளக்கு இருக்கு. நாலு அடி நடந்து தூக்கிப் பிடிச்சாப் போதும்.

டிக் போட்டார். நாப்பத்தொண்ணும் சரி. விசில் அடிச்சார். வண்டி நகர்ந்துடுச்சு.

விடிஞ்சப்புறம் மேட்டுப் பள்ளிக்கூடத்துல எல்லாரையும் இறக்கி உப்புமா போட்டாங்க. இருபத்திநாலாம் நம்பர் வியாகுலம்மாள்தான் முதல்ல கேட்டிருக்கா. "ரெங்கம்மா எங்க சார்?"

அடைக்கலம் வந்து சேர்ந்ததும் இவர் அவன் சட்டையைப் பிடிச்சார். "ஏண்டா ஆஜர் சொன்னே?" அவன் திருதிருன்னு முழிக்கிறான். "நான் எங்கய்யா சொன்னேன்? என்னைத்தான் நீங்க ஆபீசுக்கு அனுப்பிட்டீங்களே."

வியாகுலம்மாள் மெதுவாச் சொன்னாளாம். "அந்தக் குரல் என் பிடரிக்குப் பின்னால கேட்டுச்சு சார். ஆனா கடைசியா ஏறினது நான்தான். எனக்குப் பின்னால கதவுத் தகரந்தான் இருந்துச்சு. ஈரக் கம்பளி நாத்தம்... இலை தழை அழுகின நாத்தம்."

வெள்ளம் வடிய நாலு நாள் ஆச்சு. ரெங்கம்மாள் கிடைக்கலை. அவளோட எருமை ரெண்டும் கரையேறி நின்னுச்சு. கயிறு அறுந்து வரலை... யாரோ முடிச்சைப் பதனமா அவிழ்த்து விட்டிருந்தாங்க. அந்த நேரத்துலயும் அவ மாட்டை நினைச்சிருக்கா. ஆளுங்க அவளை நினைக்கலை.

செக்ரட்டரி என்ன எழுதினார் தெரியுமா? 'இருபத்திமூணாம் நம்பர் வண்டியில் ஏற மறுத்துவிட்டார்.' மனசாட்சிங்கற சாமானை ஜபல்பூர் ஸ்டோர்லயே விட்டுட்டு வந்துட்டார் போல. அடைக்கலத்தை வேலையை விட்டுத் துரத்தினாங்க. இவருக்குக் கேடயம் கொடுத்தாங்க. அதை வாங்கிக்கிட்டு ஒரு போட்டோ. பன்னெண்டாவது.

இப்போ ரோட்டுக்கு வர்றேன்.

மறு வருஷம். இந்தத் தடவை ராத்திரியில ஒத்திகை. வெள்ளச் சேதி வந்த அதே பத்து மணிக்கு வெச்சாத்தான் ஜனங்களுக்குப் பயம் வரும்னு இவர் உத்தரவு. லிஸ்ட்டுல இருபத்திமூணைச் சிவப்புப் பென்சில்ல அடிச்சிருந்தார். இருபத்திரெண்டு, அடுத்தது இருபத்திநாலு. எல்லாம் சுமுகமா முடிஞ்சப்போ மணி ரெண்டு. திரும்பும்போது லாரியில டிரைவர் பக்கத்து சீட்டுல யாரோ விருந்தாளி உட்கார்ந்துட்டார். பின்னால ஜனங்களோட நிக்கறதுக்கு இவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கலை. சைக்கிள்ல வர்றேன்னுட்டார். முனை திரும்பறதுக்குள்ள டயர் இறங்கிடுச்சு.

ரெங்கம்மாள் வீடு இருந்த இடம். சுவர் கரைஞ்சு போச்சு, நிலை மட்டும் நிக்குது. டார்ச் அடிச்சார். நிலையில தகரம். இருபத்திமூணு.

அவசர அவசரமாத் தாண்டினார். சைக்கிள் செயின் மட்டும் கிரிச்... கிரிச்...

பின்னால இருந்து ஒரு குரல் கூப்பிட்டுச்சு.

"இருபத்திமூணு."

அது யார் குரல்னு நினைக்கிறீங்க? இவரோட குரல். நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, மூக்கால இழுத்து, ஒத்திகையில கூப்பிடுவாரே... அதே குரல்.

இவர் நின்னுட்டார். சத்தம் இல்லை. யாரோ பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கற மாதிரி ஒரு மௌனம்.

"இருபத்திமூணு!"

காத்துல ஈரக் கம்பளி நாத்தம். இலை அழுகின நாத்தம். முதுகுக்குப் பின்னால, ரொம்பக் கிட்ட... டக்.

பதில் சொல்ல அங்க வேற யாரும் இல்லை. மிதிச்சுச் சொல்ல வைக்க ஒரு கால் இல்லை. இவர் வாய் தானாத் திறந்துச்சாம்.

"ஆஜர்."

ஒரு விசில் சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான். சைக்கிளைப் போட்டுட்டு ஓடி வந்து சேர்ந்தார். ரோசரிகிட்ட ஒரே ஒரு தடவை இதையெல்லாம் சொன்னார். லாரியில டிக் போட்டதையும் சேர்த்துத்தான். அப்புறம் சங்கத்துப் பக்கமே போகலை. பேச்சும் குறைஞ்சு போச்சு. ஆனா அன்னையில இருந்து தினம் ராத்திரி ரெண்டே காலுக்கு, படுத்த படுக்கையில, "ஆஜர்"னு ஒரு குரல் கொடுப்பார். தெளிவா. மழை நாளு, வெயில் நாளு, கிறிஸ்துமஸ்... ஒரு நாள் தப்பாது.

ஆரம்பத்துல ரோசரி ஓடிப் போய்ப் பார்ப்பா. அப்புறம் பழகிடுச்சு. அடுத்த ரூம்ல படுத்திருப்பா, "ஆஜர்"னு கேட்கும், மாமா இருக்கார்னு புரண்டு படுத்துடுவா. ஆறு வருஷம் இப்படி.

போன செவ்வாய்க்கிழமை அவர் காலமாயிட்டார். நாம எல்லாரும் போய் வந்தோமே. அன்னைக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டு ரோசரி சொன்னா. "காலையில அஞ்சு மணிக்குக் காப்பி கொண்டு போனேன்டி. தொட்டுப் பார்த்தா உடம்பு கட்டை மாதிரி விறைச்சிருக்கு. கால் விரல் வரைக்கும்."

நாம நர்ஸுங்க. அந்த விறைப்புக்கு எத்தனை மணி நேரம் ஆகும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுப் படுத்த உடனேயே போயிருக்கார் மனுஷன்.

"ரெண்டே காலுக்குக் குரல் கேட்டுச்சாடி?"னு கேட்டேன்.

ரோசரி எழுந்து கதவைச் சாத்திட்டு வந்தா.

"கேட்டுச்சு. நானும் புரண்டு படுத்துட்டேன்... ஆனா அது பொம்பளைக் குரல்டி."