முகத்துத் தோலும் கால் தோலும்

புண்பட்ட பாதங்களுக்குப் பொறுமையோடு பணிபுரியும் இம்மருத்துவமனையின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டுவிடுமோ என்ற அச்சத்தைப் புன்னகையால் மறைத்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! மருத்துவர் அம்மா அவர்களே! கட்டுப் பிரித்துக் கட்டுப் போட்டே களைத்த செவிலியர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! வணங்குகிறேன்.

தெளிந்தவர்கள் பேசும் மேடை இது. நானோ குழம்பியவன், லாரி ஓட்டுபவன்.

என் அக்கா துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவள். சர்க்கரை நோய்க்காரி. செருப்பு கடித்த சிறுபுண், பெருவிரலடியில் பெரும்புண்ணாகி மாதக்கணக்கில் மூடவில்லை. "ஆறலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும்மா" என்று சொல்லி, இதோ இந்த மருத்துவர் அம்மா ஒரு களிம்பு தந்தார். வளர்ச்சிக் காரணி என்னும் புரதமாம் அதில். நம் உடம்பே சுரப்பதுதானாம். செல்களிடம் போய் 'வளருங்கள், வந்து மூடுங்கள்' என்று சொல்லும் தூதுவனாம்!

களிம்பு தீர்ந்த அன்று, அக்கா மகளின் முகப்பூச்சு சீரம் மேசையில் இருந்தது. குப்பியில் என்ன எழுதியிருந்தது? அதே வளர்ச்சிக் காரணி! எடுத்துப் புண்ணில் விட்டாள் அக்கா.

"அம்மா, அது முகத்துக்கு!"

"முகத்துல இருக்கறதும் தோல்தான், கால்ல இருக்கறதும் தோல்தான். போடி!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். கால் வீங்கிச் சிவந்தபோது அந்தச் சிரிப்பு எங்கே போனது? அக்காவைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடிவந்தேன். யாரைத் திட்டுவேன்? அக்காவையா? மகளையா? குப்பியையா?

தன் தோல் கணக்கை அக்கா மருத்துவரிடமும் சொன்னாள். அவர் திட்டவில்லை. "நீங்க நினைச்சது நியாயம்தாம்மா. முகத்துத் தோல் மூடின கதவு, பெருசா எதுவும் உள்ள போகாது. புண் திறந்த கதவு. அந்தக் குப்பியில இருக்கற வாசனையும் மத்ததும் நேரா உள்ள போயிடும்."

"அப்ப முகத்துல எதுக்குப் பூசுறாங்க?" என்றேன்.

"கொஞ்சம் பலன் இருக்குன்னு சொல்றாங்க. எவ்வளவுன்னு எனக்கே உறுதியா தெரியலை."

படித்தவருக்கே தெரியாதென்றால் பாமரன் நான் எங்கே போவேன், ஐயா!

கழுவினார்கள், கட்டினார்கள், காலை ஊன்றாதே என்றார்கள். சிவப்பு வடிந்தபின் மறுபடி அந்தக் களிம்பு. ஓரத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து வந்தது இளந்தோல். விரல் தப்பியது!

அக்கா அதைத் தடவிப் பார்த்தாள். "டாக்டரம்மா, இது என் தோலா, மருந்து செஞ்ச தோலா?"

"உங்க தோல்தாம்மா. மருந்து கூப்பிட்டுச்சு. வந்தது நீங்க."

அக்கா அழுதாள். நான் ஏன் அழுதேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆகவே அன்பர்களே, குழம்பினால் கேளுங்கள்! கூசாமல் கேளுங்கள்! குப்பியைத் திறக்குமுன் கேளுங்கள்! குழம்பியவன் பேச்சையும் கைதட்டிக் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றியும் வணக்கமும்!