பலகையின் நீலப் பக்கம்

குளிர் தொடங்கும் முன் குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. மெயின் வால்வை மூடினால் போதும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே நிற்கிற தண்ணீர் உறைந்து, உப்பி, குழாயைப் பிளந்துவிடும். சீசனுக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் கூடமெல்லாம் பாசி. அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நான் மூடிய வீட்டில் பத்தொன்பது வருஷத்தில் ஒரு குழாய்கூட வெடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் எனக்கு இதுதான்.

ஏரிக்கரை ஊர் எங்களுடையது. ஐந்து மாதம் சீசன். அப்போது கடைத்தெருவில் நடக்க இடமிருக்காது. படகுத்துறையில் பிள்ளைகள் போடும் கூச்சல் மேட்டு வீடுகள்வரை கேட்கும். சீசன் முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டும். கடைசியில் நாற்பது பேர் மிஞ்சுவோம். பேக்கரிக்காரர், தபால் நிலைய அம்மா, நாலைந்து படகுக்காரர்கள், அப்புறம் நான். என் வேலை வீடு மூடுவது. முப்பத்தேழு வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. தண்ணீரை வடித்து, கேஸை அடைத்து, நாற்காலி சோபாவுக்கெல்லாம் துணி போர்த்தி, ஜன்னல் கதவுகளுக்குக் கொக்கி போட்டு, கடைசியில் வாசல் கேட்டில் தொங்கும் பலகையைத் திருப்பிவிட்டு வருவேன்.

அந்தப் பலகையைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும், நீங்கள் வெளியூர். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் நீலம். வெள்ளை தெரிந்தால் வீட்டில் ஆள் உண்டு. நீலம் தெரிந்தால் மூடியாகிவிட்டது. தபால் வராது, ரொட்டி வராது, யாரும் கேட்டைத் தொடக்கூட மாட்டார்கள். எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. யார் ஆரம்பித்ததோ, அப்படியே நிலைத்துவிட்டது. நீலப் பலகை தொங்கும் வீட்டை எங்கள் ஊர்க்காரர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

அதனால்தான் நான் இத்தனை வருஷம் நிம்மதியாக இருக்க முடிந்தது. எனக்குச் சொந்தமாக இருப்பது படகுக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் கட்டில் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. சீசன் முழுக்க அதில் படுத்துக்கொள்வேன். சீசன் முடிந்து எல்லாப் பலகையும் திரும்பியதும் மேட்டு வீடுகளுக்குப் போய்விடுவேன். ஒரு வீட்டில் பத்து நாள், இன்னொரு வீட்டில் இரண்டு வாரம். தண்ணீரைத் திறக்க மாட்டேன்; வாளியில் சுமந்துகொண்டு போவேன். போகும்போது துணியைப் போர்த்தி, மடிப்புக்கூட மாறாமல் வைத்துவிட்டுப் போவேன். ஒரு கரண்டி எடுத்ததில்லை. உங்கள் ஆட்கள் என் அறையைக் கவிழ்த்துப்போட்டுத் தேடினார்களே, என்ன கிடைத்தது? திருடன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது எனக்குப் பிடிக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது டாக்டர் வீடு. கூடத்தில் மூன்று பெரிய ஜன்னல், காலை வெயில் நாற்காலி வரைக்கும் வரும். சமையலறைக் கதவு நிலையில் அவருடைய பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சீசனிலும் ஒரு கோடு ஏறும். நானும் என் உயரத்தை அதில் குறித்துவைப்பேன். வருஷா வருஷம் அதே இடத்தில்தான் கோடு விழும், நான் எங்கே வளரப்போகிறேன். ஆனாலும் குறித்துவைப்பேன். அந்த வீட்டில் யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை. பிள்ளைகள் வளர்கிற வீட்டில் யார் கோட்டை யார் எண்ணுகிறார்கள்?

இனி டீச்சரைப் பற்றி. பன்னிரண்டாம் நம்பர் வீடு அவருடையது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது, கணவர் இல்லை, ஒரே மகள் வெளிநாட்டில். போன சீசன் முடிவில் சாவியை வாங்கப் போனேன். தர மாட்டேன் என்றுவிட்டார்.

"இந்த வருஷம் நான் போகல தம்பி. இங்கேயே இருந்திடலாம்னு பாக்கறேன். ஊர் இவ்வளவு அமைதியா இருக்கும்போது அங்க போய் என்ன பண்றது?"

"குளிர் தாங்காது டீச்சர்."

"நீங்கல்லாம் தாங்கல?"

முப்பத்தாறு வீட்டை மூடினேன். ஒன்று மட்டும் திறந்து கிடந்தது. பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது என்பதை மறைக்கவில்லை.

டீச்சர் நல்லவர். இதை உங்கள் வற்புறுத்தலுக்காகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு நடக்கிற பழக்கம் உண்டு. நடக்கும்போது பார்க்கிற பழக்கமும் உண்டு. ஒரு நாள் காலை டாக்டர் வீட்டுப் புகைபோக்கியில் புகையைப் பார்த்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர் யாராவது என்றால் பார்த்திருக்கவே மாட்டார்கள். இவர் நீலப் பலகையைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டார். நான் டாக்டரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, டாக்டரின் நாற்காலியில், வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சமையலறை நிலைக்கு முன்னால் நின்றார். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோட்டில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"நான்தான் டீச்சர்."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பத்தொன்பது வருஷத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது அன்றைக்குத்தான். திட்டியிருந்தால் ஒன்றுமில்லை, வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"பயப்படாதே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

இரண்டு வாரம் சொல்லவில்லை. அதற்கு நடுவில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார், மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்.

"யோசிச்சுப் பாத்தேன் தம்பி. டாக்டருக்கு நானே ஒரு கடிதாசி எழுதிடறேன். நீ எதுக்கு மறைஞ்சு மறைஞ்சு வாழணும்?"

"வேண்டாம் டீச்சர்."

"நான் பக்குவமா எழுதுவேன், நீ கவலைப்படாதே."

"வேண்டாம் டீச்சர்" என்று இரண்டாவது தடவையும் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன் என்பது பதிவாக வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே என் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டார்.

அன்று நான் தூங்கவில்லை. டாக்டருக்குத் தெரிந்தால் அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் முப்பத்தாறு பேரும் வந்து என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் வருஷம் முழுக்க அந்தக் கொட்டகை அறைதான். எனக்குப் பயமாக இருந்தது, சார். அவ்வளவுதான். வேறு காரணம் தேடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பன்னிரண்டாம் நம்பருக்குப் போனேன். எழுத வேண்டாம் என்று இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கத்தான் போனேன். மேஜை மேல் உறை ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டி, கடிதம் தயாராக இருந்தது. டாக்டர் பெயர், விலாசம். அழகான கையெழுத்து. அப்போதுதான் கீழே நிலவறையிலிருந்து குரல் வந்தது. விறகு எடுக்க இறங்கியவர் கடைசிப் படிகளில் சறுக்கி விழுந்திருந்தார்.

"வந்துட்டியா? நல்லவேளை. காலை அசைக்கவே முடியல தம்பி. யாரையாவது கூட்டிட்டு வா."

நான் தள்ளவில்லை. நான் போனபோதே அவர் கீழே கிடந்தார். உங்கள் மருத்துவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். கால் திரும்பிக் கிடந்த விதத்தைப் பார்த்ததுமே எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. மேலிருந்து தலையணையும் இரண்டு கம்பளியும் கொண்டுவந்தேன். தலையைத் தூக்கி வைத்து, நன்றாகப் போர்த்திவிட்டேன். ஒரு செம்புத் தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். "ஆள் கூட்டிட்டு வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். குளிர் இறங்கக்கூடாதே என்று நிலவறைக் கதவைச் சாத்தினேன். தாழும் போட்டேன்.

மேலே வந்து கூடத்தில் நின்றேன். வாசல் கதவு எதிரே இருந்தது. பேக்கரி மூன்று நிமிஷ நடை. அந்த மேஜையும், அந்தக் கடிதமும், துணி போர்த்தாத அந்த நாற்காலிகளும் கண்ணில் பட்டன. எல்லா வீடும் மூடியாயிற்று, இது ஒன்றுதான் பாக்கி என்று தோன்றியது. தோன்றியதும் கை தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. முதலில் மெயின் வால்வு. பிறகு குளியலறை, சமையலறைக் குழாய்களைத் திறந்துவிட்டேன். தண்ணீர் இறங்கும் சத்தம் கீழே கேட்டிருக்க வேண்டும்.

"என்னப்பா பண்றே?"

"தண்ணிய வடிக்கிறேன் டீச்சர்."

பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்கு என் பெயர் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கேஸை அடைத்தேன், துணிகளைப் போர்த்தினேன், ஜன்னல் கதவுகளைச் சாத்திக் கொக்கி போட்டேன். அவருடைய போனை அணைத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆணியில் தொங்கிய அவருடைய சாவியை எடுத்து வாசலைப் பூட்டிவிட்டு, கேட்டுக்கு வந்து பலகையைத் திருப்பினேன். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. தெருவில் நல்ல வெயில்.

அன்று சாயங்காலம் பேக்கரிக்காரர் கேட்டார்.

"என்னப்பா, டீச்சரும் கிளம்பிட்டாங்க போல? ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாங்களே."

"மக வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அதானே. இந்தக் குளிரு அவங்களுக்கெல்லாம் ஆகுமா?" என்று சொல்லிவிட்டு மாவைப் பிசையப் போய்விட்டார். ஒரு நாற்பது பேர் ஊரில் ஓர் ஆள் குறைந்தது, அதோடு சரி.

மூன்றாம் நாள் அவரே மறுபடி சொன்னார். நாயை நடத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனாராம். நாய் கேட்டை விட்டு நகர மாட்டேன் என்று குரைத்ததாம். "பலகை நீலமா இருக்கு, வாடான்னு இழுத்துட்டு வந்தேன். ஆனா உள்ள எங்கயோ ஜன்னல் கதவு ஒண்ணு சரியா மாட்டல போல. தட்டிக்கிட்டே இருக்கு. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். என் வேலையில் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. எல்லா ஜன்னல் கதவும் சரியாகத்தான் மாட்டியிருந்தது. சத்தம் குழாயிலிருந்து வந்தது. டீச்சர் செம்பால் நிலவறைக் குழாயில் தட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் இருக்கும் குழாய் இப்படிக் கேட்காது. வடித்த குழாய் என்பதால் வீடு முழுக்கக் கேட்டது. நான் நடப்பது அவருக்கும் கேட்டுவிட்டது. தட்டுவது நின்றது.

"தம்பி, நீதானே?" குரல் ரொம்பக் கம்மியாக இருந்தது. "என் மேல கோபமா?"

"இல்ல டீச்சர்" என்றேன். உண்மையில் எனக்குக் கோபமே இல்லை.

மறுநாளும் தட்டினார். அதற்கடுத்த நாள் போனபோது வீடு அமைதியாக இருந்தது.

மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குப் போன் செய்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்பவன் என்று என் நம்பரை டீச்சர் கொடுத்து வைத்திருந்தார். "அண்ணா, அம்மா போனே எடுக்க மாட்டேங்கறாங்க" என்றாள். குளிர்காலத்தில் மேட்டுக்கு சிக்னல் வராது, அம்மா நன்றாக இருக்கிறார், காலையில்கூட நடந்துபோனதைப் பார்த்தேன் என்றேன். ஐந்து ஞாயிறு இப்படிப் போயிற்று. அம்மா சின்ன வயசில் தனக்குத் தலை பின்னிவிட்டதையெல்லாம் சொல்வாள். வைக்கும் முன் "நீங்க சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்பாள். அப்படி என்னை யாரும் வாராவாரம் கேட்டதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து நானே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆறாவது வாரம் அம்மாவின் பிறந்தநாளுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டாள். அவளுக்குப் பலகையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீலத்தைத் தாண்டிப் போய், தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்திருக்கிறாள்.

சற்று முன் அந்தக் கடிதத்தைப் பிரித்து எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் அதைப் பிரிக்கவே இல்லை என்பது உறையைப் பார்த்தாலே தெரியும். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. புகையைப் பற்றியோ ஸ்வெட்டரைப் பற்றியோ கதவு நிலையைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை இல்லை. 'நம் வீடுகளை நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்பவர். தங்க நல்ல இடமில்லை. குளிர்காலத்தில் உங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்துகொள்ளக் கேட்கக் கூச்சப்படுகிறார். அவருக்காக நான் கேட்கிறேன்.' அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். டாக்டர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பின்னறையில் வெயில் வராது. டீச்சருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். உயிரோடு இருந்த டீச்சரை உள்ளே வைத்து வீட்டை மூடினேன். தட்டியது கேட்டது, தெரிந்துதான் திரும்பி வந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது பார்த்தேன். உங்கள் ஆட்கள் போய் வருகிற அவசரத்தில் பன்னிரண்டாம் நம்பர் கேட்டில் பலகை வெள்ளைப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது. அங்கே இப்போது யாரும் இல்லை. யாரையாவது அனுப்பி அதைச் சரியாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பலகையை நம்பித்தான் எல்லோரும் நடக்கிறார்கள், சார். அதில் பொய் இருக்கக்கூடாது.